வல்லரசுக் கணக்கில் மலைநாட்டு மக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்டை நாடுகளின் அரசியல் கொந்தளிப்பைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படித்தேன். 2022 ஜூலையில் கொழும்பு அதிபர் மாளிகைக்குள் மக்கள் புகுந்தது, 2024 ஆகஸ்ட்டில் ஷேக் ஹசீனா வங்கதேசத்தைவிட்டு வெளியேறியது, 2025 செப்டம்பரில் காத்மாண்டுவில் இளைஞர்களின் போராட்டத்தால் ஆட்சி கவிழ்ந்தது ஆகிய மூன்றையும் வரிசையாக எடுத்துக்கொண்ட அக்கட்டுரைகள், கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன: இதனால் கை ஓங்கப்போவது இந்தியாவுக்கா, சீனாவுக்கா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை மட்டுமே கேட்டுக்கொண்டு எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்தால் நாடு மாறி, நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். ஆகவே விடுபட்டுப்போனதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தமிழகத்திலிருந்து போய்த் தலைமுறைகளாக அங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைத்த எங்கள் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களைக் கட்டாயமாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவதை நேரு கடைசிவரை ஏற்கவில்லை. 1962-இல் சீனாவுடன் போர் மூண்டு, அந்த ஆண்டு டிசம்பரிலேயே சமரசம் தேடும் ஆறு நாடுகளின் மாநாட்டை இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க கொழும்பில் கூட்டியபின், தெற்கே ஒரு நட்பு நாட்டை இழந்துவிடக் கூடாது என்ற கவலை டெல்லிக்கு வந்தது. நேரு மறைந்து ஐந்து மாதங்களில், 1964 அக்டோபர் 30-ஆம் நாள், இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்து, 1974-இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கச்சத்தீவு கைமாறியதும் அதே ஆண்டில்தான். தீவைப் பற்றி இன்றும் மேடைதோறும் பேசுகிறோம். மனிதர்களைப் பங்கிட்டதைப் பற்றி யாரும் பேசக் கேட்டதில்லை.

1972-இல் எனக்கு ஒன்பது வயது. கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் தந்த பாஸ்போர்ட்டில் அப்பா, அம்மா, நாங்கள் மூன்று பிள்ளைகள் இருந்தோம். மாமாவின் பெயரோடு விண்ணப்பித்திருந்த பாட்டி, இலங்கைப் பங்கில் சேர்ந்துவிட்டார். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர். அது நகரத் தொடங்கியபோது, இந்தியாவில் தேயிலைத் தூள் கிடைக்காது என்று நினைத்தாரோ என்னவோ, பாட்டி ஒரு சிறு துணிமுடிச்சை ஜன்னல் வழியாக அம்மாவின் மடியில் போட்டார். நாங்கள் கோத்தகிரி வந்து பல ஆண்டுகள் ஆன பின்பும் அந்த முடிச்சு அவிழ்க்கப்படாமல் தகரப்பெட்டியின் அடியில் கிடந்தது. அம்மா தம் தாயை மறுபடி பார்க்கவே இல்லை.

தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டமே இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். காடாக இருந்த இடத்தில் செடி நட்டு, லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருந்து, இரண்டு தலைமுறை கொழுந்து பறித்தவர்கள், 2,000 ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022-இல் முடிவெடுக்கப்பட்டபோது, இனி வேலைக்கும் வீட்டுக்கும் எங்கே போவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி அது.

எங்களவர் மட்டுமல்ல, இந்த மலையின் மண்ணுக்குரிய படுகர் இனச் சிறு விவசாயிகளும் உலகக் கூட்டணிகளின் மாற்றத்துக்கு விலை கொடுத்தவர்கள்தாம். சோவியத் ஒன்றியம் ரூபாயிலேயே பணம் கொடுத்து நம் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்தது. 1991-இல் அந்த நாடே இல்லாமல்போனது. 1998-இல் ரஷ்ய ரூபிளின் மதிப்பும் சரிந்தது. அதையடுத்த ஆண்டுகளில் பச்சைத் தேயிலையின் விலை விழுந்ததற்குத் தரக்குறைவு, அதிக உற்பத்தி எனப் பல காரணங்கள் உண்டென்றாலும், நிலையான அந்தச் சந்தை கைநழுவியது முக்கியமான காரணம். அப்போது நான் பள்ளி ஆசிரியர். கட்டணம் கேட்டபோது ஒரு மாணவி, இலை ஏஜெண்டு கொடுத்த துண்டுச் சீட்டை என் மேசைமேல் வைத்து, “இந்த மாசம் இவ்வளவுதான் சார் வந்துச்சு, அப்பா உங்ககிட்ட காட்டச் சொன்னாங்க” என்றாள். பறிகூலியைக் கழித்தால் அந்தத் தொகையில் எதுவுமே மிஞ்சாது. மாஸ்கோவில் நடந்ததற்கும் அந்தச் சீட்டுக்கும் இருந்த தொடர்பை எடுத்துச் சொல்ல அன்று எனக்கே தெரியவில்லை. எந்த நாளிதழும் எழுதிப் படித்த நினைவும் இல்லை.

இப்போதும் அதே நிலைதான். அமெரிக்கத் தடையால் 2019-இல் ஈரானிடம் எண்ணெய் வாங்குவதை நிறுத்தினோம். அந்த எண்ணெய்க்காக நாம் கொடுத்த ரூபாயில்தான் ஈரான் நம் தேயிலையை வாங்கிவந்தது. 2023 இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள்மீது தாக்குதல் தொடங்கியதும் தேயிலை ஏற்றிய கப்பல்களும் ஆப்பிரிக்காவைச் சுற்றிப்போக நேர்ந்தது. கடலுக்கு அப்பாலோ, ஈரானுக்குத் தரவேண்டிய 25 கோடி டாலர் எண்ணெய்க் கடனை மாதம் 50 லட்சம் டாலர் மதிப்புள்ள தேயிலையாகக் கொடுத்துத் தீர்க்க 2021 டிசம்பரில் இலங்கை உடன்பட்டது. அந்தக் கொழுந்தைப் பறிப்பவர்கள், ஒப்பாரிக் கோச்சியில் ஏறாமல் அங்கேயே தங்கிவிட்ட எங்கள் உறவினர்கள். பொருளாதாரம் நொறுங்கி நாடே தெருவில் இறங்கிய 2022-இல், அவர்கள் வீட்டில் கோதுமை மாவுக்கே தட்டுப்பாடு என்று தொலைபேசியில் கேட்டறிந்தோம். தமிழக அரசு அனுப்பிய அரிசியும் பால்மாவும் தோட்டங்களுக்கும் போய்ச் சேரவேண்டும் என்று இங்கே நாங்கள் தவித்த தவிப்பு கொஞ்சமல்ல.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். டெல்லியும் கொழும்பும் அடுத்தமுறை எதைப் பற்றிப் பேச அமர்ந்தாலும், துறைமுகத்தையும் எண்ணெய்க் குழாயையும் பற்றி எழுதும் அதே பக்கத்தில், இரு கரையிலும் உள்ள தோட்டத் தொழிலாளர்களிடம் யாராவது கருத்துக் கேட்டார்களா என்பதையும் எழுதுங்கள். 1964-இல் தோட்டத் தொழிலாளர் தரப்பைக் கலந்தாலோசிக்கவே இல்லை என்று தொழிலாளர் தலைவர் தொண்டைமான் வருந்தினார். அந்த நிலை மறுபடி வரக் கூடாது.

இரண்டாவதாக, தங்கள் கட்டுரையாளரைக் கூடலூருக்கு அனுப்பி வையுங்கள். தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல, ஜன்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கி, உரிமை யாருக்கென்று தீராமல் கிடக்கும் நிலங்களில் வீடு கட்டிக்கொண்டு, பட்டாவும் இல்லாமல், மின் இணைப்புக்கும் அலைந்து வாழ்கின்றன. இலங்கையிலிருந்து வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை இன்றும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அங்கே உண்டு. கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.