மொட்டைத் தலையா, ரெட்டைச் சடையா?

அரியலூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். பெற்ற பெண்ணிடம் என்ன மறைப்பு, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இத்தனை வருஷம் இந்த மண்ணில் குனிந்து குனிந்து பொறுக்கியும் எனக்கு ஒரு முழு நண்டு அகப்படவில்லை. நீ லண்டனிலிருந்து ஷெப்பி தீவுக்கு ஒரே ஒருநாள் ரயிலேறிப் போனாய். ஓடும் கண்குழியும் மடக்கிய கொடுக்கும் கலையாத நண்டை உள்ளங்கையில் ஏந்திப் படம் எடுத்து அனுப்புகிறாய். "அம்மா, கல்நண்டு" என்று ஒரு வரி வேறு. கல்நண்டு குழம்பு வைக்கிற ஜாதி, மறந்துவிட்டாயா? இது கல்லாய்ப் போன நண்டு. ஐந்து கோடி வருஷம் ஆனது. கொஞ்சம் மரியாதை கொடு.

அதைத் திருப்பிப் பார்த்தாயா? நண்டு வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது உடம்போடு பின்பக்கமாக வெளியே வரும். ஒரே நண்டு வாழ்நாளில் இப்படிப் பல ஓடுகளை விட்டுச் செல்லும். உன் நண்டின் முதுகோடு பின்னால் வயிற்றை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தால், நீ பொறுக்கியது பிணமல்ல, உரித்துப் போட்ட சட்டை. செத்த நண்டென்றால் மற்றவை தின்னும், மிச்சத்தை அலை பிரித்துப் போடும். கொடுக்கின் நுனிதான் கெட்டி, அதுதான் மிஞ்சும். சாப்பிடும்போதுகூடக் கொடுக்கை உடைக்கத்தானே நாம் குழவியைத் தேடுகிறோம்? அந்தத் தீவின் களிமண்ணில் சில நண்டுகளைச் சுற்றிப் பாஸ்பேட் சேர்ந்து உருண்டையாக இறுகிக்கொண்டதால் அவை முழுசாகத் தப்பின. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். தங்கியதுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

முதலில் அதை நல்ல தண்ணீரில் ஊறப்போடு. சில நாளைக்குத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு, கடல் உப்பு வெளியேற வேண்டும். இல்லையென்றால் காய்ந்தபின் உப்பே அதைப் பிளந்துவிடும். பொன்னிறமாக மினுங்குகிற துண்டுகள் ஏதாவது எடுத்திருந்தால் அவற்றைத் தனியாக வை. அது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஈரக்காற்று பட்டால் வெள்ளைப் பொடி பூத்து உதிர்ந்துபோகும். புதுச் செருப்பு டப்பாவில் வருமே சிலிக்கா பொட்டலம், அதைக் கூடப் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வை. அப்புறம், அந்தக் கரையில் சேறு ஆளை இழுக்குமாம், மண்மேடும் சரியுமாம். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போ, துணைக்கு ஆள் இல்லாமல் போகாதே. மேட்டைத் தோண்டாதே, கரையில் கிடப்பதை மட்டும் பொறுக்கு.

இனி என் சங்கதி. நம் வீட்டில் இருக்கிற ஒரே நண்டுக் கொடுக்கு நினைவிருக்கிறதா? சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஒரு பக்கம் தேய்ந்து, மறுபக்கம் பல் பல்லாக இருக்கும். நீ நாலாவது படிக்கும்போது நீயேதான் கண்டெடுத்தாய். எடுத்த கையோடு அதை என் முழங்கைவரை ஏற்றி, நண்டூருது நரியூருது விளையாடினாய்.

போன மாதம் ஒரு கல்லூரி ஆசிரியர் மாணவர்களோடு வீட்டுக்கு வந்தார். அலமாரியைத் திறந்து காட்டினேன். அம்மோனைட் (சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடல் உயிரின் கல்), தோட்டாக் கல் (பழங்காலக் கணவாய் இனத்தின் உள்ளோடு), சுறாப்பல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இந்தக் கொடுக்கை எடுத்து வெளிச்சத்தில் ரொம்ப நேரம் திருப்பிக்கொண்டிருந்தார். நண்டாகவும் இருக்கலாம், மண்ணில் வளை தோண்டி வாழும் ஒருவகை இறாலுடையதாகவும் இருக்கலாம் என்றார். அதுகூடப் பரவாயில்லை. "எங்கே எடுத்தீங்க டீச்சர்?" என்று கேட்டாரே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

எழுதித்தான் வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டியவள்தான் நான். இராமபாணம் பசையைத் தின்றது, சீட்டெல்லாம் உதிர்ந்து அலமாரி அடியில் கிடந்தது. பிறகு ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, அவசரத்தில் நானே எல்லாக் கற்களையும் ஒரே அன்னக்கூடையில் கொட்டினேன். அம்மோனைட்டை நிறம் பார்த்துப் பிரித்துவிட்டேன். இந்தக் கொடுக்கு மட்டும் அநாதையாகிவிட்டது.

அதில் ஒட்டிய மண்ணாவது இருந்திருந்தால் ஒரு வழி பிறந்திருக்கும். அந்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்ணுயிர்களின் கூடுகள் இருக்குமாம், அவற்றை வைத்தே எந்த அடுக்கு என்று சொல்லிவிடுவார்களாம். நான்தான் அதைப் பழைய டூத்பிரஷ் போட்டுத் துவைகல்லில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டேனே! இடுக்கில் ஒரு மணல்கூட மிச்சமில்லை. அறிவியல் டீச்சர் செய்கிற வேலையா இது? நீயே சொல்.

குன்னம் பக்கம் 2020இல் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கல் வந்ததும், டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டதே, நினைவிருக்கிறதா? கடைசியில் அம்மோனைட் கிடக்கிற கல் என்றார்கள். அன்றைக்கு நான் எவ்வளவு சிரித்தேன்! இப்போது என் அலமாரியே அந்த லட்சணத்தில் இருக்கிறது.

யோசித்துப் பார்த்ததில் இரண்டு இடம்தான் தேறுகிறது. ஒன்று பெரம்பலூர் பக்கத்துக் காரை கிராமம். பொங்கல் லீவில் பள்ளிப் பிள்ளைகளோடு போனோம். செடி முளைக்காத களிமண் மேடும் பள்ளமுமாக, ஜிப்சம் தகடுகள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். சறுக்கி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாயே, அந்த இடம். அங்குள்ள மண்ணுக்குச் சுமார் 10 கோடி வயசு. கொலம்பியாவில் பெரிய கண்ணும் துடுப்புக் காலுமாக ஒரு விசித்திர நண்டைக் கண்டெடுத்து 2019இல் அறிவித்தார்களே, அதுவும் ஏறக்குறைய அதே காலம்தான். மற்றது கல்லங்குறிச்சி. ராமநவமித் திருவிழாவுக்குக் கலியுக வரதராஜப் பெருமாளைக் கும்பிடப் போய், கம்பத்தையே சாமியாகப் பார்த்துவிட்டு, திரும்பும்போது சுண்ணாம்புக்கல் குவியல் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். உள்ளங்கை அகலச் சிப்பிகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. அது சுமார் 7 கோடி. கடல் இப்போது கிழக்கே எண்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. அப்போது இரண்டு இடத்திலும் அதுதான் இருந்தது.

நடுவே மூன்று கோடி வருஷம், கயல். அது இப்போது உன் ஞாபகத்தில்தான் இருக்கிறது. என் ஞாபகத்தில் புளியோதரைப் பொட்டலமும் உன் சிரிப்பும்தான் தங்கியிருக்கின்றன, இடம் தங்கவில்லை. இரண்டு பயணத்துக்கும் புளியோதரைதான் கட்டியிருக்கிறேன், அதுவும் உதவாது.

ஆனால் ஒன்று. பொங்கலுக்கு உனக்கு ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். திருவிழாவில் உனக்கு வேண்டுதல் மொட்டை, சந்தனம் பூசியிருந்தோம். அந்தக் கொடுக்கை என் கையில் ஊரவிட்ட பிறகு உன் தலையிலும் ஏற்றிக்கொண்டாய் அல்லவா? அது முடியில் சிக்கியதா, மொட்டையில் வழுக்கியதா?

அவசரமில்லை, நிதானமாக யோசித்து எழுது. நினைவு வராவிட்டால் வரவில்லை என்றே எழுது, ஊகித்து எழுதாதே. ஆசிரியரிடம் இரண்டு ஊரையும் சொல்லிவிட்டுக் கேள்விக்குறி போட்டுக்கொள்கிறேன்.

உன் நண்டுக்கு இன்றைக்கே சீட்டு எழுது. தேதி, எந்தக் கரை, எவ்வளவு தூரம் நடந்தாய், மண்மேட்டிலிருந்து விழுந்து கிடந்ததா, அலை ஒதுக்கியதா, எல்லாம். பென்சிலால் எழுது, பேனா மை ஈரத்தில் பரவிவிடும். பசை போட்டு ஒட்டாதே.

அம்மா