சங்குக்குளி வள்ளங்களை வெயிலில் விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. சங்குக்குளி தொடர்கிறது. ஆனால் அதற்குப் போன மர வள்ளங்கள் ஃபைபர் படகுகளுக்கு இடம்விட்டுக் கரையில் கிடக்கின்றன.

மரத்தைக் கெடுப்பது உப்புநீரைவிட மழைநீர்தான். அணியத்தின் (படகின் முன்பகுதி) அடியில் தேங்கும் நன்னீரில் பூஞ்சை பிடித்து, வங்குகளின் (பலகைகளை உள்ளிருந்து தாங்கும் வளைகட்டைகள்) கால்கள் முதலில் மக்கும். இரும்பாணி துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரம் கறுத்து இளகிவிடும். அதே துளையில் புது ஆணி அடித்தால் பிடிக்காது. பக்கத்தில் புதுத் துளை போட வேண்டும். காய்ந்து பிளந்த பலகை இடுக்கில் பஞ்சை இறுக்கிக் கலப்பற்று அடிப்பதும், அதாவது நீர் புகாமல் அடைப்பதும், தவறு. தண்ணீரில் இறக்கியதும் பலகை ஊதி ஆணிகளைத் தளர்த்திவிடும்.

பழைய பலகைமேல் ஃபைபர் பூசுவது எல்லாவற்றிலும் மோசம். ஈரம் உள்ளே அடைபடும்; வெளியே பளபளப்பு, உள்ளே மக்கல்.

ஒன்றிரண்டு வள்ளங்களையாவது அரசு வாங்கி, காற்றோட்டமுள்ள கொட்டகையில் வைக்கட்டும். படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பான ஏராக்கட்டையை நடுவில் மட்டும் தாங்கினால் இரு முனையும் தொங்கி முதுகு வளையும். நீளம் முழுக்கத் தாங்குகட்டை வேண்டும். அரை மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு அளவும் எடுத்து வைக்க வேண்டும். பெரும்பாலான வள்ளங்களுக்கு வரைபடமே கிடையாது. கணக்கெல்லாம் மூத்த ஆசாரிகளின் கையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மரப்படகுத் தச்சர்கள்,
தூத்துக்குடி