கைதான இரவில் யாரைத் தேடுவது?

ஐயா, கைதானவர்களுக்கான இலவசச் சட்ட உதவி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞர் கிடைக்க வேண்டும். உரிமை இருக்கிறது, சரி. அது தேவைப்படுகிற இரவில் யாருக்கும் தெரிவதில்லையே! 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்திவிடுவார்கள். அதற்குள் வக்கீலைத் தேடியாக வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் எதிர்வீட்டுப் பையனை ஒரு அடிதடி வழக்கில் பிடித்துப் போனார்கள். ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் நின்ற ஒருவர், "நல்ல வக்கீலா நான் பார்த்துத் தர்றேன்" என்றார். பையனின் அம்மா அங்கேயே காதுத் தோட்டைக் கழற்றி, விடிந்ததும் அடகு வைத்து வரச் சொல்லி என் கையில் கொடுத்தார். பணம் வாங்கிய வக்கீல் ரிமாண்டுக்கு வரவே இல்லை. 15100 என்ற இலவச உதவி எண் அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது. கைது பற்றிக் குடும்பத்தாருக்குத் தகவல் சொல்லும்போதே இந்த எண்ணையும், அன்று பணியில் இருக்கும் சட்ட உதவி வழக்கறிஞரின் கைபேசி எண்ணையும் தமிழில் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டாகக் கையில் கொடுக்கக் காவல்துறை உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகர், மணப்பாறை