அங்க தண்ணி எப்படின்னு கேட்டீங்களே, அக்கா

கீழ் வீட்டு அக்காவுக்கு,

இதை உங்க பையன்தான் படிச்சுக் காட்டப்போறான்னு தெரியும். கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம்கூட ஆகலை, நீங்க போனை உத்துப் பாக்காதீங்க. தம்பி, நடுவுல எதையும் தாண்டிப் போகாமப் படி. முக்கியமா குடம் விஷயத்தை.

நாங்க பூனா வந்து பதினெட்டு நாள் ஆச்சு. கிளம்புறதுக்கு முந்தின ரெண்டு வாரமும் ஊரெல்லாம் போய்ச் சொல்லிட்டு வந்தோம். பல்லாவரம் பெரியப்பா, அம்பத்தூர் அத்தை, மயிலாப்பூர்ல இவரோட பழைய வாத்தியார், எல்லார் கால்லயும் விழுந்து விபூதி வாங்கியாச்சு. உங்ககிட்ட மட்டும் சொல்லிக்கலை. ரெண்டு நாள் முன்னாடியே அரக்கோணத்துக்கு மக வீட்டுக்குப் போயிட்டீங்க. பேரனுக்குக் காது குத்துன்னீங்க. காது குத்து அடுத்த மாசம்தான்னு உங்க பையன் உளறிட்டான். அவனைத் திட்டாதீங்க.

மாசி மாசம் இவருக்கு இங்கே வேலை மாறுதுன்னு சொன்னப்போ ஒவ்வொருத்தரும் ஒண்ணு கேட்டாங்க. பெரியப்பா, சம்பளம் எவ்வளவு கூடன்னு கேட்டார். என் தங்கச்சி, பசங்க மராத்தி எப்படிப் படிக்கும்னு கேட்டா. எதிர் வீட்டுக்காரர், அங்கே ஃப்ளாட் என்ன விலைன்னு கேட்டார். நீங்க படியில உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்தீங்க. தலையை நிமிர்த்தவே இல்லை. "அங்க தண்ணி எப்படி?"ன்னீங்க. தெரியாதுக்கான்னேன். "தண்ணி எப்படின்னு தெரியாமயா புள்ளைங்கள இட்டுனு போற, தஞ்சாவூரு?"

பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூட என் பேரைச் சொல்லி நீங்க கூப்பிட்டதில்லை. 2014 தையில பால் காய்ச்சின அன்னைக்கே தஞ்சாவூரு ஆயிட்டேன். பாபநாசம்னு எத்தனை தடவை திருத்தியும் பிரயோஜனம் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனா அதுக்கு முன்னாடி 2019 பாக்கி இருக்கு.

உங்களுக்கு மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் வெடிச்சுக் கிடந்த வருஷம். நம்ம வீட்டு போர் முதல்ல மண்ணாத் துப்பிச்சு, அப்புறம் காத்துதான் வந்துச்சு. தெருக் கைபம்பை அடிச்சு அடிச்சு எனக்கு வலது தோள் இறங்கினது இன்னும் சரியாகலை. ஜூலை 12 அன்னைக்கு ஜோலார்பேட்டையிலேருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி ரயில்ல வந்துச்சு. இந்தியாவே டிவியில பாத்துச்சு, நாம நடந்தே போய்ப் பாத்தோம். வேற எங்கேயும் இல்லை, நம்ம வில்லிவாக்கத்துக்குத்தான் வந்துச்சு. இறக்கின தண்ணியைக் குழாய் போட்டுக் கீழ்ப்பாக்கம் வாட்டர் ஒர்க்ஸுக்குக் கொண்டுபோறாங்கன்னு தெரிஞ்சதும் நீங்க சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. பசங்களும் படிப்பாங்க.

நமக்கு லாரித் தண்ணிதான். தலைக்கு ரெண்டு குடம்னு தெருவே உக்காந்து பேசின கணக்கு. நான் ஆறு பேர்னு சொல்லிப் பன்னெண்டு குடம் வரிசையில வெச்சேன். மாமனார் மாமியார் இருக்காங்கன்னேன். நீங்க எல்லார் முன்னாடியும், "அவங்க ரெண்டு பேரும் வைகாசியிலேயே ஊருக்குப் போய்ட்டாங்களே, எந்தக் கணக்குல ஆறு?"ன்னு கேட்டீங்க. திரும்பி வந்துட்டாங்க, ராத்திரிதான் வந்தாங்கன்னு சொன்னேன். அதோட விட்டிருக்கலாம். கோயில் பக்கம் கையைக் காட்டி, தாமோதரப் பெருமாள் சத்தியமா உள்ளதான் படுத்திருக்காங்கன்னேன். நீங்க ஒரு நிமிஷம் என்னையே பாத்தீங்க. "சரி, எடுத்துக்க"ன்னுட்டுப் போயிட்டீங்க. அதுக்கப்புறம் ஒம்போது மாசம் பேச்சு இல்லை. படியில எதிர்ல வந்தா நீங்க சுவத்தைப் பாப்பீங்க, நான் செருப்பைப் பாப்பேன்.

அக்கா, நாலு பேர்தான். மாமனாரும் மாமியாரும் அப்போ பாபநாசத்துலதான் இருந்தாங்க. அந்த நாலு குடத்துல நான் துணி துவைச்சேன். குடிக்கவோ சமைக்கவோ கூட இல்லை, பெட்ஷீட் துவைச்சேன். அப்போ உங்க வீட்டுல உங்க மாமியார் படுக்கையில கிடந்தாங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை துடைச்சுவிடணும்னு எனக்குத் தெரியும், மேலேருந்து கொடியில தொங்குற துணியை எண்ணியிருக்கேன். தெரிஞ்சுதான் எடுத்தேன்.

பேச்சை ஆரம்பிச்சதும் நீங்கதான். 2020 ஏப்ரல்ல, எல்லாரும் கதவைச் சாத்திட்டு உள்ள கிடந்தப்போ, நாலு டம்ளர்ல கபசுரக் குடிநீர் ஊத்தி எங்க வாசப்படியில வெச்சுட்டுக் கதவைத் தட்டிட்டு இறங்கிட்டீங்க. ஆறு இல்லை, நாலு டம்ளர். அது எனக்கு அப்போ உறைக்கலை. கசப்புதான் உறைச்சுது.

மிக்ஜாம் புயல் வந்தப்போதான் உறைச்சுது. 2023 டிசம்பர் 4. சாக்கடையும் மழையுமா உங்க வீட்டுக்குள்ள முட்டிக்கு மேல ஏறி, பிரிட்ஜ் மல்லாந்து மிதந்துச்சு. நீங்க அஞ்சு பேரும் மேல வந்தீங்க. அண்ணன் வேற எதையும் எடுக்கலை, ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஃபேக்டரியில ரிட்டையர் ஆனப்போ குடுத்த சுவர்க் கடிகாரத்தை மட்டும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஏறினார். மூணு நாள் கரண்ட் இல்லை. ஊரெல்லாம் தண்ணி, குடிக்க ஒரு சொட்டு இல்லை. ரெண்டாவது ராத்திரி, மெழுகுவத்தி வெளிச்சத்துல ஒரே ஒரு கேன் தண்ணியை நடுவுல வெச்சுட்டு உக்காந்திருந்தோம். நீங்க மெதுவா, "மேல நாலு, கீழ அஞ்சு, ஒம்போது பேரு. குடம் கணக்கு எவ்ளோ வருது தஞ்சாவூரு?"ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்பவே சொல்லியிருக்கணும். மெழுகுவத்தி அணையறதுன்னு எழுந்து போயிட்டேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வெச்சிருந்தது இதைத்தான். அதுக்குள்ள நீங்க காது குத்துக்குப் போயிட்டீங்க.

மத்தபடி நீங்க இல்லாத ரெண்டு நாள்ல நடந்ததைச் சுருக்கமாச் சொல்லிடறேன், இல்லேன்னா தெருக்காரங்க வேற மாதிரி சொல்லுவாங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள வீடு மாறிடணும்னு மாமியார் ஒத்தைக்கால்ல நின்னதால எல்லாமே அவசரம். வீட்டுக்காரர் பத்து மாச அட்வான்ஸ்ல பெயின்ட்டுக்குன்னு ரெண்டு மாச வாடகையைப் பிடிச்சுட்டார். மூணு மாசத்துக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாதுன்னே 2017-ல தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு, அதைச் சொன்னேன். "அப்போ சட்டத்துல போய்க் குடியிருந்திருக்கலாமே"ன்னார். அண்ணாச்சி கணக்கு நோட்டை மூடி, பாக்கி 340 ரூபாய்ல நாப்பதைத் தள்ளிட்டு, ஒரு பாக்கெட் பனங்கற்கண்டும் வெச்சார். வெள்ளைக்கார ராணி மாதிரி ஒருநாளும் சிரிக்காத பூக்காரம்மா, ரெண்டு முழம் கேட்டா மூணு முழமா அளந்து, தலையில வெச்சே விட்டாங்க. இஸ்திரிக்காரர் மட்டும், "வாடகைக் குடித்தனம்னா போறதுதான"ன்னு பெட்டியைத் தேச்சுக்கிட்டே இருந்தார். எல்லா விடைபெறுதல்லயும் எனக்குப் பிடிச்சது அதுதான்.

பள்ளிக்கூடத்துல டி.சி. வாங்கறப்போ பெரியவன் அழலை. ரெண்டு நாள் கழிச்சு நாதமுனி பஸ் ஸ்டாப்புல நின்னுட்டு அழுதான். ஏன்டான்னா, "சும்மா பஸ் போச்சு"ன்னான். சின்னவ கிளாஸுக்கே சாக்லேட் குடுத்து, ஒவ்வொருத்தர்கிட்டேயும் நோட்டுல பேர் எழுதி வாங்கிட்டு வந்திருக்கா. இங்கே வந்து அதைத் தினம் ஒரு தடவை அட்டெண்டன்ஸ் எடுக்கறா.

பேக்கர்ஸ்காரங்க செடி ஏத்தமாட்டோம், சிலிண்டரும் ஏத்தமாட்டோம்னுட்டாங்க. சிலிண்டரை ஏஜென்சியில ஒப்படைச்சு டெபாசிட் வாங்கியாச்சு. கருவேப்பிலைத் தொட்டி உங்க படிக்குக் கீழ இருக்கு. புளிச்ச மோரைத் தண்ணியா விளாவி ஊத்துங்க. ஸ்கூட்டியை உங்க பையன்கிட்டயே விட்டுட்டேன், அது இந்த ஊர் மேட்டுல ஏறாது. இவர் பைக் மட்டும் வருது. அதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஒரு வருஷத்துக்குள்ள நம்பர் மாத்தணும். டி.என். போய் எம்.எச். வந்துடும். ஓட்டை மாத்தறதுக்குப் படிவம் 8. அதை இன்னும் எழுதலை. "ஓட்டை மட்டும் இங்கயே வெச்சுட்டுப் போ, கவுன்சிலர் வந்தா கேக்க ஆள் வேணும்"னு நீங்க சொன்னது காதுலயே இருக்கு.

ரயில் அரக்கோணத்துல நின்னுச்சு. சென்ட்ரல்லேருந்து 69 கிலோமீட்டர்தான், பசங்க புளிசாதப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கலை. நான் கதவுகிட்ட வந்து நின்னேன். நீங்க வரமாட்டீங்கன்னு தெரியும். உங்களுக்குப் பெட்டி நம்பர் சொல்லவும் இல்லை. இருந்தாலும் வெள்ளைப் புடவையில நீல பார்டர் போட்ட யாரைப் பாத்தாலும் எட்டிப் பாத்தேன். பெரியவன் அந்த நேரத்துல பெட்டிக்குப் பெட்டி பிளேட்டைத் தேடி, "அம்மா, இது நம்ம ஐ.சி.எஃப்.ல செஞ்சது"ன்னு கத்தினான். அண்ணன்கிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவார். ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர்னு மறுநாள் வந்து சேர்ந்தோம்.

ஊரைப் பத்தி ரொம்பச் சொல்றதுக்கில்லை. நம்ம மழை ஐப்பசி கார்த்திகை, இங்கே ஜூன்லயே குடை. எங்க தஞ்சாவூரை மராட்டியர் 1855 வரைக்கும் ஆண்டாங்க, அந்த உறவுல யாராவது தமிழ் பேசுவாங்கன்னு இவர் ஜோக் அடிச்சார், யாரும் பேசலை. ஆனா மராத்தியில 'ள' இருக்கு, இந்தி மாதிரி இல்லை. 'ழ' கிடையாது. சின்னவ பேர்ல இருக்கற ழ-வை டீச்சர் ள-ன்னுதான் சொல்றாங்களாம். அவ ஒரு வாரமா கிளாஸுல நாக்கை மடக்கிக் காட்டி, டீச்சருக்கே பாடம் எடுத்துக்கிட்டிருக்கா. தண்ணிக்கு இங்கே 'பாணி'. 1961-ல பான்ஷேத் அணை உடைஞ்சு இந்த ஊர் மூழ்கின தேதியும் ஜூலை 12-ஆம். இவர் ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னப்போ, எனக்கு நம்ம தண்ணி ரயில் ஞாபகம்தான் வந்துச்சு.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன்.

நாங்க இருக்கறது பூனாவை ஒட்டின பிம்ப்ரி சிஞ்ச்வட். பவனா அணைத் தண்ணி, ருசி நல்லாவே இருக்கு, பருப்பு சீக்கிரம் வேகுது. சாமான் இறக்கின மறுநாள் காலையில குழாயைத் திறந்தேன். உஸ்ஸுன்னு காத்து. 2019-ல கேட்ட அதே சத்தம். எதிர் வீட்டு அம்மா சத்தம் கேட்டு எட்டிப் பாத்தாங்க, உங்க வயசு இருக்கும். "பாணி உத்யா"ன்னாங்க. உத்யான்னா நாளைக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணியாம். 2019 கடைசியிலேருந்து இப்படித்தானாம். நீங்க சிரிக்கறது இங்கே கேக்குது.

நான் வெறும் பக்கெட்டோட நின்னதைப் பாத்துட்டு, அவங்க வீட்டு டிரம்மைத் திறந்து காட்டி, எடுத்துக்கன்னு சைகை பண்ணினாங்க. ஒரு குடத்தை முக்கிக்கிட்டே, "கிதி ஜண?"ன்னு கேட்டாங்க. புரியலை. என்னையும் பசங்களையும் சுட்டி, விரலை மடக்கி மடக்கிக் காட்டினாங்க. எத்தனை பேர்னு கேக்கறாங்க.

நாலு விரல் காட்டினேன், அக்கா.

இப்படிக்கு,
மேல் வீட்டுத் தஞ்சாவூரு