பெயர் கேட்க மறந்த அந்த மனிதருக்கு

குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பர்னர் இரண்டு நாளாக எரிவதும் அணைவதுமாக இருந்தது. ஃபில்டரை மாற்றியும் பலனில்லை. பக்கத்து வீட்டுக்கு வேலையாக வந்திருந்த ஒருவர், "எண்ணெய்த் தொட்டியில தண்ணி இருக்கும், பார்த்தீங்களா?" என்றார். நான் நம்பவில்லை.

நீளமான குச்சியின் நுனியில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவித் தொட்டியின் அடிவரை விட்டு எடுத்தார். இரண்டு விரல் உயரத்துக்கு நிறம் மாறியிருந்தது! தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அதனால் அடியில் தங்கிவிடும். பாதி காலியான தொட்டிக்குள் காற்றின் ஈரமே வியர்த்து வழியும் என்று பொறுமையாக விளக்கினார். என் தொட்டியில் மூடியின் ரப்பர் வளையமும் வெடித்திருந்தது. அது என் சோம்பேறித்தனம், ஒப்புக்கொள்கிறேன்.

பர்னரை அணைத்துவிட்டு, அடி வால்வைத் திறந்து, சுத்தமான எண்ணெய் வரும்வரை வாளியில் பிடித்தார். கூடவே கறுப்புச் சேறும் வந்தது. எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்வதால் உண்டாவதாம். வாளியைச் சாக்கடையில் கொட்டப் போனேன், அப்போது மட்டும் அதட்டினார். அப்புறம் அதை அபாயக் கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுத்தேன்.

காசு வாங்க மறுத்துவிட்டார். ஐயா, மூடிக்குப் புது வளையம் போட்டாயிற்று. பர்னர் அணையாமல் எரிகிறது. மிக்க நன்றி.