நீ போட்ட பென்சில் கோடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வீடு மாற்றும் வேலையில் பதில் எழுத முடியவில்லை. முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலம் மட்டும் போதாது, எலும்பு டாக்டரை ஒருமுறை பார்த்துவிடு. மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை.

அட்டைப்பெட்டிகளைப் பிரித்தபோது, எம்.ஏ. படிக்கையில் நாம் பாதிப் பாதி காசு போட்டு வாங்கிய, தென்னாப்பிரிக்க எழுத்தாளர் கூட்ஸியின் ‘டிஸ்கிரேஸ்’ நாவல் கிடைத்தது. 1999-இல் புக்கர் பரிசு வாங்கிய நாவல் என்று நீதான் தேடிப் பிடித்தாய். இரண்டே இரவில் மறுபடி படித்துவிட்டேன்.

அப்போது நான் டேவிட் லூரியின் பக்கம் நின்றேன், ஞாபகம் இருக்கிறதா? கேப் டவுன் பேராசிரியர், வயது 52, இரண்டு முறை மணமுறிந்தவர். மாணவி மெலனி விஷயத்தில் விசாரணைக் குழு கூப்பிட்டபோது குற்றத்தை ஒத்துக்கொள்கிறார்; வருந்துவதாகச் சொல்ல மட்டும் மறுக்கிறார். வேலை போகிறது. அதைத் தன்மானம் என்று ஹாஸ்டல் மொட்டைமாடியில் உன்னோடு மணிக்கணக்கில் வாதாடினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன்னால் ஆட்கள் வந்து தாங்கள் செய்ததைச் சொல்லிக்கொண்டிருந்த காலம். கேள்வி கேட்டே பழகிய வெள்ளை ஆணுக்குப் பதில் சொல்லும் நாற்காலியில் உட்காரப் பிடிக்கவில்லை. நான் தன்மானம் என்றது அதைத்தான்.

மெலனிக்கு விருப்பமில்லை என்று தெரிந்தும், லூரி அதை வன்புணர்வு என்று சொல்லிவிட முடியாது என மனசுக்குள் சமாதானம் செய்துகொள்கிறார். பிறகு சேலம் என்ற ஊரில் (நம் சேலம் இல்லை, தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப்பில் இருப்பது) மகள் லூசியின் பண்ணைக்கு மூன்று பேர் வருகிறார்கள். இவரைக் கழிவறையில் அடைத்துத் தீ வைக்கிறார்கள். லூசி திருட்டை மட்டும் போலீசில் சொல்கிறாள். தனக்கு நடந்த வன்புணர்வைச் சொல்லவில்லை. இவர் கேட்டுக் கேட்டுத் துளைக்கிறார். ஓரிடத்தில், அந்த ஆண்களாகத் தன்னை நினைத்துப் பார்க்க முடியும், ஆனால் அந்தப் பெண்ணாக இருக்கத் தன்னால் ஆகுமா என்று யோசிக்கிறார். அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மகளுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன், அவ்வளவுதான்.

சரி, நான் சொல்ல வந்தது இன்னொரு இடம். நாய்கள். விலங்கு மருத்துவமனையில் ஊசி போட்டுக் கொல்லப்பட்ட நாய்களை லூரி எரியூட்ட எடுத்துப் போகிறாரே, அந்தப் பக்கங்கள். விறைத்த கால்களை அங்கே வேலை செய்பவர்கள் மண்வெட்டியால் அடித்து உடைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், தானே ஒவ்வொன்றாக உலைக்குள் அனுப்புகிறார். நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான், இன்றைக்கும். முதல் சந்திப்பில், லூசியின் பண்ணையில் வேலை செய்யும் பெட்ரஸ் என்ற கறுப்பினத்தவர் தன்னை ‘நாய்க்காரன்’ என்று அறிமுகப்படுத்திக்கொள்வார். அவர் நிலம் வாங்கி மேலே வந்துவிடுகிறார். அந்தப் பெயரை லூரி எடுத்துக்கொள்கிறார். அதோடு நிற்கவில்லை. தான் ஒரு ‘ஹரிஜன்’ ஆகிவிட்டதாக நினைக்கிறார்.

அந்தச் சொல்லின் கீழே நீ பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறாய். இத்தனை வருஷம் நான் அதைப் பார்க்கவே இல்லை.

எங்கள் வீட்டில் அது நல்ல சொல். காந்தி கொடுத்த சொல் என்று மரியாதையாகத்தான் அப்பா சொல்வார். உங்கள் வீட்டில் அது எப்படிக் கேட்டது என்று நான் உன்னிடம் கேட்டதே கிடையாது. செத்த மாட்டைத் தூக்க மாட்டேன் என்றதற்காக உன் தாத்தா ஊரை விட்டே வர வேண்டியிருந்ததை ஒரு பஸ் பயணத்தில் சொன்னாய். நான் ‘அப்படியா’ என்றேன். அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

லூரி அந்த வேலையைத் தானாக எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்றால் நாளைக்கே கேப் டவுனுக்குத் திரும்பிப் போகலாம்; நடுவில் ஒருமுறை போகவும் செய்கிறார். எல்லாம் இழந்தேன் என்று சொல்லும்போதும், தான் எவ்வளவு கீழே போவது என்பதை அவரேதான் முடிவு செய்கிறார், அதற்குப் பெயரையும் அவரே சூட்டிக்கொள்கிறார். உன் தாத்தாவுக்கு அந்த வேலையை விடுவதற்கே ஊரை இழக்க வேண்டியிருந்தது. கூட்ஸி இதைத் தெரிந்தேதான் லூரியின் மனசில் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நாவல் முழுக்க லூரியின் கண் வழியாகத்தான் நகர்கிறது; லூசியின் மனசுக்குள்ளோ பெட்ரஸின் மனசுக்குள்ளோ நமக்கு இடமில்லை. அந்தக் கண்ணை என் கண்ணாக வைத்துக்கொண்டு படித்ததால்தான் அந்த வரியைச் சிரமமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

நீ ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? மொட்டைமாடியில் நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன், இல்லையா?

புத்தகத்தைக் கூரியரில் அனுப்புகிறேன். அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குறிக்கு நீ அப்போது என்ன நினைத்தாய் என்று எழுது. நீளமாக எழுது. தங்கச்சியையும் பையனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்