தொலைபேசி மணி அடித்த வீடுகளிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

2007 அக்டோபர் 21, ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய பொட்ரேரோவில் ஹாரிஸ் என்று பெயரிட்ட காட்டுத் தீ கிளம்பியது. அன்றே நண்பகல் கடந்ததும் சான்டா இசபெல் அருகே விட்ச் தீ. மறுநாள் விடிவதற்குள் சான் பாஸ்குவால் பள்ளத்தாக்கில் குவெஹிட்டோவும் ஃபால்புரூக்கில் ரைஸும் பற்றின. செவ்வாயன்று லா ஹோயா பழங்குடி நிலத்தில் பூமாச்சா. எல்லாம் அடங்கியபோது சான் டியாகோ கவுன்ட்டியில் (மாவட்டத்தில்) சுமார் 3,69,000 ஏக்கர் கரியாகியிருந்தது. மொத்த நிலப்பரப்பில் ஏறக்குறைய 13 சதவீதம். சுமார் 1,600 வீடுகள் போயின. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லி அறிவிப்புப் போனது. 10 பேர் இறந்தார்கள்.

அதற்கு நான்கே ஆண்டு முன்பு, 2003 அக்டோபரில், சீடர் தீ ஒன்று மட்டுமே 15 உயிர்களைக் கொண்டுபோனது. வைல்ட்கேட் கேன்யன் பக்கம் பலருக்குத் தீ வாசலுக்கு வந்த பிறகுதான் தீ என்றே தெரிந்தது. 2007-இல் காற்றின் வேகம் குறைந்துவிடவில்லை. இடம்பெயர்ந்தவர்களோ பல மடங்கு. இடையில் மாறியது என்ன என்று பார்த்தால், தொலைக்காட்சியில் முகம் காட்டாத பலருடைய வேலைதான் தெரிகிறது. அவர்களுக்காகத்தான் இம்மடல்.

முதல் நன்றி, வரைபடத்தில் கோடு இழுத்தவர்களுக்கு.

911 அவசர உதவிக்கு மக்கள் அழைக்கும் எண்; அதைத் திருப்பிப் போட்டு, மக்களை அழைத்து எச்சரிக்கும் ரிவர்ஸ் 911 என்ற பெயர் பலருக்குத் தெரியும், அதன் பின்னாலுள்ள வேலை தெரியாது. தீயின் முனை எங்கே, காற்று எந்தப் பக்கம், அடுத்த இரண்டு மணி நேரத்தில் அது எங்கே நிற்கும் என்று கணித்து, வரைபடத்தில் ஒரு பகுதியை வளைத்துக் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டுக்குள் உள்ள தொலைபேசி எண்களை எந்திரம் பொறுக்கி எடுத்து வரிசையாக அழைக்கும், பதிவுசெய்த செய்தியைச் சொல்லும், எடுக்காத எண்ணை மறுபடி அழைக்கும். கோட்டைப் பெரிதாகப் போட்டால் ஆபத்தில்லாத தெருக்காரர்களும் காரை எடுத்துவிடுவார்கள். நெருப்புக்கு மிக அருகில் உள்ளவர்களுக்குச் சாலை கிடைக்காது. சிறிதாகப் போட்டால் கோட்டுக்கு வெளியே ஒரு தெரு தூங்கிக்கொண்டிருக்கும். இதை நள்ளிரவில், முழுமையில்லாத தகவலோடு, மீண்டும் மீண்டும் செய்தீர்கள். கவுன்ட்டியின் காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்தின் இந்த ஏற்பாடு 2003-க்குப் பிறகு வந்தது. அதனுடன் அலர்ட் சான் டியாகோ என்ற இரண்டாவது ஏற்பாடும் அப்போதுதான் புதிதாகச் சேர்ந்திருந்தது. இரண்டும் இல்லாத அக்டோபர் எப்படி இருந்தது என்பதற்கு 2003 சாட்சி.

அதன் ஓட்டைகளையும் இங்கே சொல்ல வேண்டும். நன்றி மடலில் குறை எதற்கு என்று கேட்கலாம். ஓட்டைகள் தெரிந்தும் அவற்றை அடைக்க ஓடியவர்களுக்கும் சேர்த்துத்தான் நன்றி. பட்டியலில் தானாக இருந்தவை கம்பி வழித் தொலைபேசிகள் மட்டும். கைபேசியும் இணையத் தொலைபேசியும் அவரவர் பதிவுசெய்தால்தான் உண்டு. கம்பி இணைப்பு இருந்தும் கம்பியில்லா ரிசீவர் வைத்திருந்த வீட்டில் மின்சாரம் போனதும் அடித்தளப் பெட்டி செத்துவிடும், மணி அடிக்காது. தெரியாத எண்ணைத் தடுக்கும் வசதியை வைத்திருந்தவர்களுக்கு அழைப்பு வாசலிலேயே திரும்பியிருக்கும். இன்று படிப்பவர்கள் உங்கள் கவுன்ட்டியின் எச்சரிக்கைப் பட்டியலில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கைபேசியையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். வீடு மாறினால் முகவரியையும் மாற்றுங்கள். இரவில் கைபேசியை ஒலியடக்கி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள், எச்சரிக்கை வரும் எண்ணுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

மணி அடிக்காத வீடுகளுக்கு ஷெரிஃபின் ஆட்கள் நடந்து போனார்கள். ஒலிபெருக்கியில் தெருத்தெருவாகக் கூவி, கதவைத் தட்டி, "நான் போகமாட்டேன்" என்று நின்றவர்களிடம் இரண்டு நிமிடம் வாதாடி, அடுத்த வீட்டுக்கு ஓடினீர்கள். அந்த இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரு வீட்டில் நிற்காததும் ஒரு திறமை.

அடுத்து தீயணைப்பாளர்கள். உங்களுக்கு நன்றி சொல்லாதவர் இல்லை. ஆகவே பொதுவாகச் சொல்லப்படாத ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறோம். அதே நாட்களில் லாஸ் ஏஞ்சலிஸ், ஆரஞ்ச், சான் பெர்னார்டினோ, வென்ச்சுரா கவுன்ட்டிகளும் எரிந்துகொண்டிருந்தன. அண்டை ஊரில் உதவி கேட்டால் அங்கும் தீ. வெளியிலிருந்து வரும் உதவிக் குழுவான ஸ்ட்ரைக் டீம் என்பது ஒரே வகை வண்டிகள் ஐந்தும் ஒரு தலைவரும். நகரத்து டைப் 1 வண்டிக்குப் பம்ப் பெரிது, ஆனால் தார்ச்சாலையை விட்டு இறங்கினால் திணறும். காட்டுத் தீக்கான டைப் 3 வண்டி நான்கு சக்கரமும் இழுத்து மலைத்தடத்தில் ஏறும்; தொட்டியில் சுமார் 500 காலன், அதாவது 1,900 லிட்டர்தான். அதிலும் 100 காலனைத் தொடக்கூடாது, அது குழுவின் உயிருக்கான இருப்பு. மீதி 400 காலனை வைத்து எந்த வீட்டைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று தெருமுனையில் நின்று முடிவு செய்தீர்கள். கைவிட்ட வீட்டின் சொந்தக்காரருக்கு அது துரோகம் போலத் தோன்றியிருக்கலாம். கூரை பற்றி உள்ளே இறங்கிவிட்ட ஒரு வீட்டில் தண்ணீரைக் கொட்டியிருந்தால், அடுத்த நான்கு வீடுகளில் கூரை ஓரத்துக் கங்குகளை அணைக்கத் தண்ணீர் இருந்திருக்காது.

வெளியூர் வண்டிகளின் ரேடியோவும் சிக்கல்தான். கவுன்ட்டியின் பொதுவலை 800 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயரும் வெளியூர்க் குழுக்கள் பலவும் விஎச்எஃப் என்ற வேறு அலைவரிசையில். ஒரே தெருவில் நின்றும் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது. கையில் உதிரி ரேடியோக்களைப் பெட்டி பெட்டியாக எடுத்துக்கொண்டு போய் வண்டிக்கு ஒன்று கொடுத்த தொலைத்தொடர்புப் பணியாளர்களே, உங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

கைக்கருவிகளால் தீயைத் தடுக்கும் சிறைக் கைதிகளின் குழுக்களுக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். ஆரஞ்சு நிற உடை, 12 முதல் 17 பேர் வரிசை. முன்னால் சங்கிலி ரம்பம், பின்னால் வெட்டியதை இழுத்துப் போடுபவர், அதன் பின் கோடாரியும் களைக்கொத்தும் சேர்ந்த புலாஸ்கி, கடைசியில் பல்லும் அலகும் உள்ள மெக்லியட். தீத்தடுப்புக் கோடு என்பது புல்லைச் சீவுவதன்று. வேரும் சருகும் போய் வெறும் மண் தெரியும்வரை சுரண்ட வேண்டும். அகலம் குறைந்தது பக்கத்துப் புதரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஆள் உயரச் சாப்பரல் (இங்குள்ள அடர்ந்த புதர்க்காடு) என்றால் எட்டொன்பது அடி. சரிவில் கோட்டை வெட்டும்போது கீழ்விளிம்பில் மண்ணைக் கட்டி வாய்க்கால் போல் விட வேண்டும், இல்லாவிட்டால் எரியும் கட்டை உருண்டு கோட்டைத் தாண்டிவிடும். இந்த வேலைக்கு அன்று மணிக்கு ஒரு டாலர் கூலி. இதற்கு மேல் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. நன்றி.

விமானங்கள் ஏன் முதல் நாளே வரவில்லை என்று திட்டியவர்கள் உண்டு. உள்நாட்டிலிருந்து கடல் நோக்கி வீசும் வறண்ட சான்டா ஆனா காற்று மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினாலே மேலிருந்து கொட்டும் திரவம் மூடுபனியாகக் கலைந்துவிடும், தரையில் விழாது. அன்று மலைகளில் காற்று 100 கிலோமீட்டரையும் தாண்டி வீசியது. காற்று தணிந்த பிறகும் ராணுவ ஹெலிகாப்டர்கள் தரையில் காத்திருந்தது வேறு கதை: உள்ளே கால் ஃபயரின் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருந்தால்தான் பறக்கலாம் என்பது விதி, ஆள் போதவில்லை. அந்த ஏற்பாடு பிறகு திருத்தப்பட்டது.

ராஞ்சோ சான்டா ஃபே தீயணைப்பு மாவட்டத்தில் வீட்டு வரைபடங்களைப் பார்த்து ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கு இந்த மடலில் பெரிய இடம் உண்டு. ஏனென்றால் வீடுகள் எரிந்தது பெரும்பாலும் தீச்சுவரால் அல்ல, பறந்து வரும் கங்குகளால். ராஞ்சோ பெர்னார்டோவில் தி டிரெய்ல்ஸ் என்ற குடியிருப்பைப் பின்னர் ஆராய்ந்தார்கள். தீ எல்லைக்குள் இருந்த 245 வீடுகளில் 74 முற்றாக அழிந்திருந்தன. மூன்றில் இரண்டு வீடுகள் கங்கினால் நேராகவோ சுற்றிவளைத்தோ பற்றியவை. தீ வருவதற்கு முன்பே கங்கு வந்துவிடுகிறது. பரண் காற்றுத்துளை வழியாக, ஓட்டின் ஓர இடுக்கு வழியாக, சுவரை ஒட்டிப் போட்ட மரப்பட்டைத் தூள் வழியாக உள்ளே போகிறது. சுற்றிலும் பச்சை மரம் நிற்க, நடுவில் வீடு மட்டும் சாம்பலாகக் கிடந்த படங்களுக்கு விளக்கம் இதுதான்.

அதிகாரிகளே, நீங்களோ ஐந்து புதிய குடியிருப்புகளில் விடாப்பிடியாக நின்றீர்கள். எரியாத கூரை, அடைத்த இறவாரம், இரட்டைக் கண்ணாடி சன்னல், உள்ளே நீர்த்தெளிப்பான், சுற்றிலும் 100 அடிக்குக் கட்டுப்படுத்திய செடிகொடி. கட்டியவர்களிடம் அப்போது திட்டு வாங்கியிருப்பீர்கள். 2007-இல் அந்த ஐந்து குடியிருப்புகளிலும் ஒரு வீடுகூட எரியவில்லை. பழைய வீட்டில் இருப்பவர்கள் இதில் பாதியை ஒரு வார இறுதியில் செய்யலாம்: காற்றுத்துளைகளில் 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள உலோக வலை, கூரைத் தாழ்வாரத்தில் சருகு நீக்கம், சுவரிலிருந்து 5 அடிக்கு எரியக்கூடிய எதுவும் இல்லாமை. வாசலில் கிடக்கும் தென்னை நார் மிதியடியும் அந்த "எதுவும்" என்பதில் சேர்த்தி.

தகவல் தந்தவர்களுக்கு வருவோம். கேபிபிஎஸ் வானொலியின் சான் மிகேல் மலைக் கோபுரத்துக்கு ஹாரிஸ் தீயால் மின்சாரம் போனது, 94.9 என்ற இசை நிலையம் தன் அலைவரிசையையே தூக்கிக் கொடுத்தது. போட்டி நிலையங்கள் நடுவே இப்படி ஒன்று நடந்தது. 2-1-1 என்ற தகவல் உதவி எண்ணில் சில நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளை எடுத்த தன்னார்வலர்கள், "என் தெரு போய்விட்டதா" என்ற ஒரே கேள்விக்கு ஆயிரம் முறை பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அந்த அழைப்புகள் 911-க்குப் போயிருந்தால், மூச்சுத் திணறுபவரின் அழைப்பு வரிசையில் நின்றிருக்கும். முகாம்களிலும் மருத்துவமனைகளிலும் பேட்டரியோடு உட்கார்ந்த ஹாம் (தன்னார்வ) வானொலிக்காரர்கள், லயன்ஸ் சிகரம் போன்ற உச்சிகளில் கேமராவும் கம்பியில்லா இணைப்பும் வைத்து ஹாரிஸ் தீயைக் கண்முன் காட்டிய எச்பிரென் வலைப்பின்னல் ஆய்வாளர்கள், எல்லோருக்கும் வணக்கம்.

குவால்காம் விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் தங்கினர். அங்கே உணவுக்குக் குறைவில்லை. போர்வையும் பொம்மையும் மலையாகக் குவிந்தன, பிரித்து அடுக்கத் தனிப்படை வேண்டியிருந்தது. போமராடோ மருத்துவமனையும் ஃபால்புரூக் மருத்துவமனையும் காலிசெய்யப்பட்டன. முதியோர் இல்லங்களிலிருந்து டெல் மார் மைதானத்துக்கு வந்தவர்களில் பலருக்குத் தம் மருந்தின் பெயர் தெரியாது. மாத்திரையின் நிறத்தை வைத்து ஊகிக்காமல், மருந்துக்கடைகளைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த செவிலியர்களே, நீங்கள் செய்தது மெதுவான வேலை, சரியான வேலை. மருந்தின் பெயர், அளவு, வேளை எழுதிய தாளொன்று முதியவரின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

குதிரைகளை ஏற்றிய டிரெய்லர்காரர்கள்! டெல் மாருக்கும் லேக்சைட் ரோடியோ திடலுக்கும் ஓட்டம் ஓட்டமாகப் போய் வந்தீர்கள். புகையில் மிரண்ட குதிரை, அதுவரை ஏறிப் பழகாத டிரெய்லரில் ஏறாது. கோடையிலேயே பத்து முறை ஏற்றி இறக்கிப் பழக்க வேண்டும். நைலான் கடிவாளம் வெப்பத்தில் உருகித் தோலில் ஒட்டும், தோல் அல்லது பருத்திதான் சரி. ஏற்ற முடியாத குதிரையை வெளியே விட்டு லாயக் கதவை மூடுங்கள், இல்லாவிட்டால் எரியும் லாயத்துக்கே திரும்பிப் போகும். விடுமுன் உங்கள் தொலைபேசி எண்ணைக் கால்நடைச் சுண்ணக்கட்டியால் அதன் விலாவில் எழுதிவிடுங்கள்.

ரமோனாவில் தீ போன பின்னும் மக்கள் திரும்ப முடியவில்லை. பம்புகளுக்கு மின்சாரம் இல்லை, குழாயில் அழுத்தம் இல்லை. அழுத்தம் போன குழாய்க்குள் மண்ணிலுள்ள அழுக்கு நீர் உறிஞ்சப்படும் என்பதால், பிறகு தண்ணீர் வந்தும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டியிருந்தது. தொட்டிகளை நிரப்பி, குழாய்களைக் கழுவி, மாதிரி எடுத்து, சோதனை முடிவுக்குக் காத்திருந்த குடிநீர்ப் பணியாளர்களை அப்போது யாரும் கைதட்டி வரவேற்கவில்லை. இப்போது கைதட்டுகிறோம்.

மண் அரித்துப் போகாமலிருக்க, மழைக்கு முன், எரிந்த சரிவுகளில் வைக்கோல் உருளைகளைப் பதித்தவர்களுக்கும் நன்றி. சரிவின் குறுக்கே, மட்டம் பிசகாமல், மூன்றங்குல ஆழப் பள்ளத்தில், நாலடிக்கு ஒரு முளை. மேலாக வைத்துவிட்டுப் போனால் தண்ணீர் அடியில் புகுந்து உருளையையே அடித்துச் செல்லும்.

டிஹுவானாவிலிருந்தும் டெகாட்டேயிலிருந்தும் எல்லை கடந்து வந்து ஹாரிஸ் தீயில் நின்ற மெக்சிகோத் தீயணைப்பு வீரர்களே, உங்களுக்கு எங்கள் கவுன்ட்டியில் ஒரு வீடும் இல்லை. அதே எல்லையோரப் புதர்களில், தீ போன பிறகு, நான்கு பேரின் உடல்கள் கிடைத்தன. வேலை தேடி நடந்து வந்தவர்கள் என்று கருதப்பட்டது. எந்த எச்சரிக்கைப் பட்டியலிலும் அவர்களுக்கு எண் இல்லை. புகை அடங்காத பள்ளங்களில் இறங்கித் தேடி அவர்களைக் கண்டெடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

இப்படிக்கு,
சான் டியாகோ கவுன்ட்டிவாசிகள் சிலர்